முல்லைப் பெரியாறு அணை

முல்லைப் பெரியாறு அணை, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் முல்லையாறும் பெரியாறும் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, காட்டுக்குள் நிற்கும் கல் அணை. தன் எடையாலேயே நீரின் தள்ளுவிசையைத் தாங்கும் வகையைச் சேர்ந்தது. 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. அணை இருப்பது கேரளத்தில். அதை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு. பொதுவாக அணையின் நீர் அணைக்குக் கீழே உள்ள வயல்களுக்குப் போகும். இங்கே அது பின்பக்கமாகத் திரும்பி, மலைக்குள் புகுந்து, வேறொரு ஆற்றின் படுகைக்குப் போகிறது.

யோசனையும் குத்தகையும்

தென்மேற்குப் பருவமழையை மலையின் மேற்குச் சரிவு வாங்கிக்கொள்ள, கிழக்கே மழைமறைவில் கிடக்கும் மதுரைச் சீமை வைகையை நம்பி ஏமாறுவது வாடிக்கை. அரபிக்கடலுக்குப் போகும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் ஆங்கிலேயருக்கு முன்பே இருந்தது. ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-இல் இதை ஆராயச் செய்தார். சமஸ்தானத்தின் கையிருப்பு அதற்குப் போதவில்லை. 1808-இல் மலையைப் பார்வையிட்ட கேப்டன் கால்டுவெல், 100 அடிக்கும் மேல் ஆழமாக வெட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, ஆகாத காரியம் என எழுதிவிட்டார். 1850-இல் தொடங்கிய மண் அணை முயற்சி, காட்டின் நோய்க்கு அஞ்சிய தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டதோடு நின்றது. 1867-இல் கேப்டன் ரைவ்ஸ் கொடுத்த திட்டமும் மண் அணையைத்தான் சொன்னது.

1876–77 பஞ்சத்துக்குப் பிறகு தள்ளிப்போட வழியில்லை. சென்னை மாகாண அரசு 1882-இல் மேஜர் ஜான் பென்னிகுவிக்கிடம் பொறுப்பை ஒப்படைத்தது. நிலம் திருவிதாங்கூருடையது என்பதால் நெடுநாள் பேச்சு நடந்து, 1886 அக்டோபர் 29-இல் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய், காலம் 999 ஆண்டுகள். பிந்தைய வழக்குகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் காகிதம்தான்.

வடிவமைப்பு

ஆற்றைக் கிழக்கே கொண்டுவர, மலையை ஆற்றின் மட்டத்துக்கு வெட்ட வேண்டும். இல்லையென்றால் ஆற்றை மலையின் மட்டத்துக்கு ஏற்ற வேண்டும். கால்டுவெல் முதல் வழியோடு நின்றுவிட்டார். பென்னிகுவிக்கின் திட்டத்தில் இரண்டுமே பாதிப் பாதி. 155 அடி உயர அணை நீரை ஏற்றுகிறது. ஏறிய நீர் தேக்கடிப் பள்ளத்தாக்கின் வழியே வடக்கே பரவி, அங்கிருந்து வெட்டுக்கால்வாயில் ஓடி, நீர்ப்பிரிமலையைத் துளைத்த சுமார் 5,700 அடிச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. மறுபக்கம் விழும் நீர் வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையைச் சேரும்.

ஆகவே அணையின் கீழ்ப்பகுதி முழுவதற்கும் நீரைத் தூக்கிப் பிடிப்பதுதான் வேலை. சுரங்கத்துக்கு நீர் போகும் மட்டம் 104 அடி. அதற்குக் கீழே போய்விட்டால், அணையில் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர் கிடந்தாலும் மலைக்குக் கிழக்கே உள்ள கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு சொட்டு வராது. 152 அடியில் கொள்ளளவு சுமார் 15.5 டி.எம்.சி.; ஏறத்தாழ 5 டி.எம்.சி. எடுக்க முடியாத நீர். நீர்மட்டம் பற்றி அதிகாரிகள் பேசும் 136, 142, 152 அடி என்ற எண்களின் கனம் இதில்தான் இருக்கிறது: மேல்மட்டத்தில் ஏரி அகலமாக விரிந்திருப்பதால் அங்கே குறையும் ஒவ்வோர் அடியும் பெரிய இழப்பு.

அணையின் நீளம் சுமார் 1,200 அடி. உச்சி அகலம் 12 அடி. அடித்தளத்தில் ஏறத்தாழ 140 அடி. முன்னும் பின்னும் கருங்கல் கட்டு, நடுவில் சுண்ணாம்பு–சுர்க்கி கான்கிரீட். சுட்ட செங்கல்லை இடித்த தூள்தான் சுர்க்கி. பக்கத்துத் தாழ்விடத்தை அடைப்பது ‘பேபி அணை’ எனப்படும் சிறு கட்டுமானம்.

கட்டுமானம்

சுண்ணாம்புக்கல் கூடலூர்ப் பக்கத்துக் குருவனூத்திலிருந்து வந்தது. சாலையில்லாத மலையில் அதை ஏற்றக் கம்பிவடம் கட்டினார்கள். மேலே போனதும் படகு. ஆற்றைத் தற்காலிகமாகத் தடுத்த கரைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. மெட்ராஸ் பயனியர் படைப்பிரிவினரும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்களும், தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்களும் வேலை செய்தார்கள். கோடையில் மலேரியா. நோயால் 483 பேர் இறந்ததாகக் கணக்கு சொல்கிறது. அணைக்கு வடக்கே இடுகாடு இருக்கிறது. 1895 அக்டோபர் 10-இல் ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

பணம் நின்றபோது பென்னிகுவிக் தன் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார் என்பது தேனி மாவட்டத்தில் சின்னப் பிள்ளைகளும் சொல்லும் கதை. செலவை ஏற்றது சென்னை அரசு. கதைக்கு ஆவண ஆதாரம் காட்டப்படவில்லை. அவருடைய புகழுக்கு இந்தக் கதை தேவையும் இல்லை. அவர் பிறந்த ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டி வருவதால், லோயர் கேம்ப் மணிமண்டபத்திலும் ஊர்களிலும் அவர் பேரில் பொங்கல் வைக்கிறார்கள்.

சுரங்கத்தைத் தாண்டி மலையிறங்கும் நீரில் 1950களின் இறுதியிலிருந்து மின்சாரமும் எடுக்கப்படுகிறது. மின்நிலையம் ஓடாத நேரத்தில் அந்த நீர் இரைச்சல் பாலத்தின் வழியே வரும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இதை நம்பியது.

பலப்படுத்தலும் வழக்கும்

1979-இல் குஜராத்தின் மோர்வி அணை உடைந்த பின் கேரளத்தில் அச்சம் கூடியது. அந்த ஆண்டே நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. மத்திய நீர்வள ஆணையத்தின் சொற்படி அணையின் உச்சியில் கான்கிரீட் பாரம் ஏற்றினார்கள். மேலிருந்து பாறைவரை துளையிட்டு எஃகுக் கம்பிகளை இழுத்துப் பூட்டினார்கள். பின்புறம் கான்கிரீட் சுவர் சேர்த்தார்கள். கசிவில் சுண்ணாம்பு கரைந்து போகிறது, இது நிலநடுக்கப் பகுதி, கீழே லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள் என்பது கேரளத்தின் வாதம். பலப்படுத்திய பிறகு 152 அடி வரை தேக்கலாம் என்பது தமிழ்நாட்டின் வாதம். 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. கேரளம் சட்டம் இயற்றி 136-இல் நிறுத்தியது. அந்தச் சட்டம் செல்லாது என்று 2014 மே 7-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

152 அடிக்குப் போவதற்கு முன் பேபி அணையைப் பலப்படுத்த வேண்டும். அதற்கு இடைஞ்சலாக நின்ற 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது. சில நாட்களிலேயே கேரள அரசு அதை நிறுத்தி வைத்தது.