நம்மள 'வின்டர்' ஆக்கினது யார்?

பெருநாள் கிட்டினா, உடுப்புக் கடைக்குப் போக முந்தி நம்மட புள்ளைகளுக்கு இப்ப புது வேலை ஒன்று கூடியிருக்கு. ஒரு செல்ஃபியை ஏஐ உதவியாளரிடம் கொடுத்து, எனக்கு எந்தக் கலர் எடுப்பா இருக்கும் என்று கேட்பது. 'டீப் ஆட்டம்' அல்லது 'டீப் வின்டர்' என்று பதில் வரும். எங்கட வட்டத்தில் கேட்டவர்களில் அநேகமானோருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான். மாரியும் கோடையும் கச்சான் காத்தும் தெரிஞ்ச கல்முனைக் கரைக்கு, இலை உதிர்கிற பருவம் எங்கிருந்து வந்தது?

சுவிட்சர்லாந்து ஓவியர் யோகன்னஸ் இட்டன், 1919 முதல் 1923 வரை ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படிப்பித்தவர். 1928இல் ஒரு வகுப்பில் அவர் சொன்ன நிறச் சேர்க்கைகள் தங்களுக்கு இசைவாகப் படவில்லை என்றார்கள் மாணவர்கள். சரி, உங்களுக்குப் பிடிச்சதைத் தீட்டுங்க என்று விட்டார். ஆளுக்கொரு மாதிரி வந்தது. தீட்டிய நிறங்களுக்கும் தீட்டியவரின் தோல், முடி நிறத்துக்கும் உறவு இருப்பதாக அவருக்குப் பட்டது; 1961இல் வந்த தன் நிறக்கலை நூலிலும் அதை எழுதினார். கவனிங்க, அவர் பார்த்தது ஒருவர் தானாகத் தேர்ந்த நிறத்தை. இன்னொருவர் விதித்ததையல்ல.

அந்த வித்தியாசம் பிறகு காணாமற் போனது. 1980இல் அமெரிக்காவில் கரோல் ஜாக்சன் எழுதிய 'கலர் மீ பியூட்டிஃபுல்', ஆட்களை நாலு பருவமாகப் பிரித்து இன்ன நிறம் உடு என்றது. பொன்முடி, செம்முடி, நீலக்கண், பச்சைக்கண் என்று வெள்ளையர்களை நுணுக்கமாகப் பிரித்த அந்த முறை, ஆசியரையும் கறுப்பினத்தவரையும் பெரும்பாலும் 'வின்டர்' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டது. நாலு பருவம் பன்னிரண்டாகி 'டீப்' என்ற சொல் சேர்ந்தது பிறகுதான். கொரியாவில் இது பெரிய தொழிலாகி, அங்கிருந்து நம்மட ஃபோனுக்கும் வந்துட்டு.

கேமராவின் கதையும் இதே மாதிரித்தான். கொடாக் நிறுவனம் ஃபிலிம் கழுவுமிடங்களுக்கு நிறம் சரிபார்க்கக் கொடுத்த 'ஷேர்லி' அட்டையில் பல காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். கபில நிறம் சரியாக விழவில்லை என்று சொக்கலேட், மரத்தளபாட விளம்பரக்காரர்கள் முறையிட்ட பிறகுதான் ஃபிலிம் திருந்தத் தொடங்கியது. மனுசர்ர முகத்துக்காக இல்ல, சொக்கலேட்டுக்காக! 2018இல் ஜோய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களில் 34.7 வரை.

ஏஐ உதவியாளர் படித்து வளர்ந்ததும் இந்தப் பருவக் கதைகளைத்தான். அது பார்க்கிறது உங்கட தோலை இல்ல, டியூப்லைட்டும் பச்சைச் சுவரும் பியூட்டி ஃபில்டரும் கலந்த படத்தை. முடி நிறம் இந்த முறைக்கு முக்கியம். நாம ஸ்காஃப் கட்டிய படத்தைக் கொடுத்தா அது ஊகிக்கத்தான் வேணும்.

இது வெறும் விளையாட்டாக இருந்தா நாங்க எழுதியிருக்க மாட்டோம். பெண் பார்க்க வாறவங்க 'பொது நிறம்' என்று இழுக்கிற இழுவை நம்மட வீடுகளுக்குத் தெரியும். 'டீப்' என்ற சொல் அந்த வீட்டுக்குள்ள வந்தா என்ன அர்த்தத்தில விழும்?

பக்கத்து மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். பாவில ஒரு நிறம், ஊடையில இன்னொன்று போட்டா மூன்றாவது நிறம் தெரியும். ஒரே சிவப்பு நூல் பச்சைக்குப் பக்கத்தில் வேற, மஞ்சளுக்குப் பக்கத்தில் வேற. கடையில உம்மாமார் துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தோளில போட்டுப் பார்க்கிறதும் இதுக்குத்தான். கறுப்பு அபாயா உடுத்தாலும் முகத்தைத் தொட்டு நிற்கிறது ஸ்காஃப்தானே.

ஏஐயிடம் கேட்கத்தான் வேணுமெண்டா, பருவத்தின் பேரைக் கேட்காதீங்க. காலை வெளிச்சத்தில, ஃபில்டர் இல்லாம, பக்கத்தில வெள்ளைத் தாளைப் பிடிச்சு, மூன்று ஸ்காஃப் மாத்தி மூன்று படம் எடுத்துக் கொடுத்து, எதில என்ன வித்தியாசம் என்று கேளுங்க. அது சொல்றதை உங்கட கண்ணாலேயே சரிபார்க்கலாம். ராத்தா ஒருத்தி பக்கத்தில இருந்தா இன்னும் நல்லம்.