மலேரியா வரலாறு புகட்டும் பாடம்

சுற்றாடலையும் பொதுச் சுகாதாரத்தையும் பயிலும் மாணவர்க்கு இலங்கையின் மலேரியா வரலாறு சிறந்ததொரு பாடமாகும். 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்க, அவற்றில் அனோபிலிஸ் நுளம்புகள் பல்கிப் பெருகின. நோயெதிர்ப்பாற்றல் குன்றியிருந்த மக்களுள் ஏறத்தாழ 80,000 பேர் 1934-35 காலப்பகுதியில் மாண்டனர்.

1946இல் தொடங்கிய டி.டி.ரி. தெளிப்பின் பயனாக, 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. அவ்வெற்றியை நம்பித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. விளைவு யாது? 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

மலேரியாவற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தது 2016இலேயே. எனினும், நோய் நீங்கியதேயன்றி நுளம்பு நீங்கவில்லை. ஆகவே, மருந்தைக் கற்பார் மழையையும் ஆற்றையும் கற்றல் வேண்டும். வென்றபின்னும் விழித்திருத்தல் வேண்டும்.