லித்தியத்துக்கு ஓர் இல்லம்

திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள், குடியரசுத் துணைத்தலைவராய் இருந்தபோது, 1953 ஜனவரி 14-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைத் திறந்து வைத்தார்கள். அங்கே இன்று ஆராயப்படும் லித்திய மின்கலத்தின் வரலாற்றை நாம் அறிவது நலம்.

உலோகங்களில் மிக இலேசானது லித்தியம். அதைத் தனி உலோகமாகவே மின்கலத்தில் வைத்தபோது, மின்னேற்றுந்தோறும் ஊசி ஊசியாய் வளர்ந்து, எதிர்முனையைத் தொட்டுத் தீ மூட்டியது. 1980-ஐ ஒட்டி, மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்த அறிஞர் ரஷீத் யஸமி, கிராஃபைட்டின் அடுக்குகளிடையே லித்தியம் புகுந்து மீளுமெனக் காட்டினார். நம் கைப்பேசியில் இருப்பது இவ்வழி வந்த மின்கலமே.

எனினும் அவ்வில்லத்தில் ஆறு கரியணுக்களுக்கு ஒரு லித்தியந்தான் தங்கும். ஆகவே மிகுந்த ஆற்றலை வேண்டி, அறிஞர்கள் மீண்டும் லித்திய உலோகத்தையே நாடுகின்றனர். அது புகுகையில் விரியாமலும் நீங்குகையில் சரியாமலும் நிற்கும் நுண்துளைச் சட்டகம் வேண்டும். அது அமையும் வரை அவ்வூசிகளின் அச்சம் நம்மை விடாது.