மும்பைத் தமிழர் வீடு: மாற்றியமைத்த வரலாறு

தமிழகத்துக் கிராமங்களில் வீடென்பது தெருத் திண்ணையில் தொடங்கிக் கொல்லைக் கிணற்றடியில் முடியும். பம்பாய்க்கு வந்த நம் முன்னோர் பலருக்கு வாய்த்தவையோ பிறர் கட்டி வைத்த அறைகள். ஆதலின், மும்பைத் தமிழரின் வீட்டு வரலாற்றைக் கட்டிய வரலாறு என்பதைவிட மாற்றியமைத்த வரலாறு என்பதே பொருந்தும்.

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கிற்று. குடியிருப்புகளின் நெருக்கமே நோய்க்கு இடந்தந்தது எனக் கருதிய அரசு, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவியது. அதன் திட்டத்தின்படி மாட்டுங்காவில் அகன்ற தெருக்களும் மனைகளும் உருவாயின. 1920, 1930-களில் அங்கெழுந்த மாடிக் கட்டடங்களில் தென்னிந்தியக் குடும்பங்கள் பல குடியேறின.

அவ்வீடுகளின் புதுமை யாது? சமையலறை, குளியலறை, கழிப்பறை மூன்றும் ஒரே கதவுக்குள் அடங்கின. ஊரில் கொல்லைக் கோடியில் ஒதுக்கப்பட்டிருந்த கழிப்பறை, இங்கே அடுக்களைக்குச் சில அடி தொலைவில் வந்து நின்றது! ஆசாரம் பேணியோர் முதலில் தயங்கினர். கழிப்பறையைக் குளியலறையினின்று பிரித்துப் பின்புறத்தே அமைத்த முறை, அத்தயக்கத்தைத் தணிக்க உதவியது. பழக்கம் சிறிது வளைந்தது. வீடும் சிறிது வளைந்தது.

பின்னர் 1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வந்தது. வாடகை 1940-ஆம் ஆண்டு அளவிலே நின்றுவிட, உரிமையாளர் பலர் பழுது பார்ப்பதைக் கைவிட்டனர். உள்ளே சுண்ணாம்பு அடிப்பதும் பரண் கட்டுவதும் பலகைத் தடுப்பு வைப்பதும் குடியிருப்போர் பொறுப்பாயின. மாட்டுங்காவில் இடம் போதாமற் போகவே, செம்பூருக்குப் பெயர்ந்தவரும் பலர்.

தாராவியின் கதை வேறு. திருநெல்வேலிப் பகுதியினின்று தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரும் பிறரும் அங்கே தம் வீட்டைத் தாமே எழுப்பினர். தகரம் செங்கல்லாயிற்று, பரண் மேல்மாடியாயிற்று. கீழே தொழில், மேலே குடும்பம். 1995-ஆம் ஆண்டுத் திட்டம் குடிசைக் குடும்பத்திற்கு 225 சதுர அடியில் மாடி வீடு தர முன்வந்தது. அதாவது, பதினைந்தடிக்குப் பதினைந்தடி. உறங்குவதற்கு அது போதுமாயினும், முறுக்குச் சுற்றி விற்கும் குடும்பம் அடுப்பை எங்கே வைக்கும்? வீட்டை அளப்பவர் வாழ்க்கையையும் அளக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனவே, நல்ல உள் அலங்காரக் கலைஞர் வண்ணத்தைப் பற்றி முதலிற் பேசார். வீட்டிலுள்ளோர் எத்தனை பேர், முதியவர் எங்கே உறங்குவர், பூசை எங்கே, பிள்ளைகள் படிப்பது எங்கே என்று கேட்பார். அடுத்து, கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவது எது என்று பார்ப்பார். கான்கிரீட் கட்டடத்தில் பாரம் பெரும்பாலும் தூண்களிலும் உத்திரங்களிலும் இறங்கும், இடைச்சுவரை மாற்றலாம். பழைய செங்கற் கட்டடத்திலோ சுவரே தூண். 2017 ஜூலையில் செம்பூருக்கு அருகிலுள்ள காட்கோபரில் ஒரு மாடிக் கட்டடம் இடிந்து 17 பேர் மாண்டனர். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

நம் வீட்டுச் சுவர் நமக்கு மட்டும் உரியதன்று. மேல்மாடிக் குடும்பமும் அதன்மேல் வாழ்கிறது. பொறியாளர் ஒருவரைக் கலந்து, உரிய அனுமதி பெற்ற பின்னரே சுத்தியலைக் கையில் எடுப்போமாக.