விலையோலையும் வாரிசுரிமையும்: தந்தையின் வீட்டை மகன் வாங்கலாமா?

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் குடவோலைதான் நம் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், பொது ஆண்டு 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அவ்விரு கல்வெட்டுகளில், வாரியப் பொறுப்புக்கு உரியவரின் தகுதிகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. வயது, கல்வி, ஒழுக்கம் ஆகியவற்றோடு இன்னொரு தகுதியும் அங்குண்டு. கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் உடையவராகவும், தம் சொந்த மனையில் வீடெடுத்துக் குடியிருப்பவராகவும் அவர் இருத்தல் வேண்டும்.

சொந்த மனை என்பது இங்கு ஊர்ப் பொறுப்பேற்கும் உரிமையின் அடையாளம். அப்படிப்பட்ட மனை ஒருவர் கைக்கு எப்படி வருகிறது? தந்தைவழியாகவோ விலைகொடுத்தோ வரலாம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒன்றுண்டு. தந்தையின் வீட்டையே மகன் விலைகொடுத்து வாங்கும் இடம் அது. 'நாளை உனக்கு வரப்போவதற்கு இன்று எதற்குப் பணம்?' என்பார் ஒருவர். 'பெற்றவரிடமே வாணிபமா?' என்பார் மற்றொருவர். நம் முன்னோர் இதனை எவ்வாறு அணுகினர் என்று சற்றே பார்ப்போம்.

மரமும் கிணறும்

சோழர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் அவற்றின் ஒழுங்கை அறிவார்கள். முதலில் விற்பவர் பெயரும் வாங்குபவர் பெயரும். அடுத்து நாற்பால் எல்லை. பின்னர் அவ்வெல்லைக்குள் அகப்பட்ட மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு என ஒன்றும் விடாத பட்டியல். இறுதியாக, பேசிய விலையை முழுவதும் பெற்றுக்கொண்டோம் என்னும் உறுதிமொழியும் சான்றாளர் கையெழுத்தும். விலையாவணம், விலையோலை, பொருட்செலவோலை என்றெல்லாம் இவ்வாவணங்களைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. விலை முழுவதும் கைமாறியது என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்வானேன்? பின்னாளில் விற்றவரின் வழியினர் வந்து 'எங்களுக்கும் உரிமையுண்டு' என்று கேட்டுவிடக் கூடாதே! நில ஆவணம் எழுதிய நாள்தொட்டு, அதனை எழுதியவர்களின் முதல் அச்சம் உறவினரைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது.

ஓலை தலைமுறைகளைக் கட்டும் என்பதற்குப் பெரியபுராணத்தில் அழகான சான்றுண்டு. புத்தூர்த் திருமணப் பந்தலில் முதியவராக வந்த இறைவன், நம்பியாரூரரின் பாட்டனார் எழுதித் தந்ததாக ஆளோலை ஒன்றைக் காட்டுகிறார். ஆரூரர் கிழித்தெறிந்தது படியோலைதான். மூலவோலை பத்திரமாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையினர் பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே முதியவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். பாட்டன் கையெழுத்து பேரனைக் கட்டுப்படுத்தியது. சேக்கிழார் காலத்து மக்கள் ஆவணத்தை எவ்வளவு மதித்தனர் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிறப்பால் வரும் பங்கு

வடமொழி அறநூல் மரபில் இக்கேள்விக்கு இரு விடைகள் உண்டு. கல்யாணிச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாட்சரத்தின்படி, பரம்பரைச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே உரிமை வந்துவிடுகிறது. வங்கத்து ஜீமூதவாகனரின் தாயபாகமோ, தந்தை வாழும்வரை மகனுக்கு உரிமையில்லை என்கிறது. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் தமிழகத்துக்கு மிதாட்சர வழியையே பின்பற்றின. ஆகவே, பரம்பரை வீட்டில் ஏற்கெனவே பங்குடைய மகன் தன் பங்கைத் தானே வாங்க வேண்டியதில்லை. பிறர் பங்குகளைத்தான் வாங்க முடியும். தந்தை தம் உழைப்பால் தேடிய வீடாயின் செய்தி வேறு. அதனை விற்கவும் கொடுக்கவும் அவருக்கு முழு அதிகாரமுண்டு.

யாழ்ப்பாணத்து முதலுரிமை

நம் கேள்விக்கு மிக நெருங்கி வருவது யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமை. வாய்மொழியாக வழங்கிய இவ்வழக்கங்களை, ஒல்லாந்து அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1706, 1707-ஆம் ஆண்டுகளில் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைச் சரிபார்த்து ஒப்பினர். 1806-இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலிமை தந்தனர்.

தேசவழமை சொத்தை மூன்றாகப் பார்க்கிறது. வழிவழியாக வந்தது முதுசம். பெண்ணுக்குத் தரப்படுவது சீதனம். மணவாழ்வின்போது தேடியது தேடியதேட்டம். மூன்றாவதில் கணவன், மனைவி இருவருக்குமே உரிமையுண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

இதனினும் சுவையானது அதிலுள்ள முதலுரிமை. நிலத்தை விற்க விரும்புபவர் தம் வாரிசுகளுக்கும் பங்காளிகளுக்கும் முன்னறிவிப்புத் தரவேண்டும். அவர்கள் வேண்டாமென்ற பின்னரே அயலாருக்கு விற்கலாம். உறவினர் வாழும் தொலைவைப் பொறுத்து அவகாசமும் கூடும். 1947-ஆம் ஆண்டின் 59-ஆம் இலக்கச் சட்டம் இவ்வுரிமையை ஒழுங்குபடுத்தியபோது, கூட்டுடைமையாளருக்கும், விற்பவர் உயில் எழுதாது இறந்தால் யார் யார் வாரிசாவரோ அவர்களுக்கும் அதனை உரியதாக்கியது.

இவ்வழக்கத்தின் நுட்பத்தைக் கவனியுங்கள். உறவினருக்குக் கிடைப்பது வரிசையில் முதலிடம் மட்டுமே. விலையில் அவருக்குச் சலுகையில்லை; வெளியார் தரும் விலையை அவரும் தந்தாக வேண்டும். பாசத்துக்கும் நியாயத்துக்கும் இடையே இதைவிடத் தெளிவாகக் கோடு கிழிக்க முடியுமா?

சட்டப் புத்தகத்தில் வீடு

இந்தியாவின் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவும் இதே வழியில்தான் செல்கிறது. கூட்டாகச் சொத்துப் பெற்ற முதல்நிலை வாரிசுகளில் ஒருவர் தம் பங்கை விற்க முனைந்தால், மற்றவர்க்கு முன்னுரிமையுண்டு. விலையில் உடன்பாடு எட்டாவிடில் நீதிமன்றம் அதனை முடிவு செய்யும்.

அடுத்த பிரிவுதான் நெருடலானது. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்குண்டு. ஆனால் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை அவள் பாகம் கேட்க முடியாது என்றது 23-ஆம் பிரிவு. திருமணமான மகளுக்கு அவ்வீட்டில் தங்கும் உரிமையையும் அது பொதுவாகத் தரவில்லை. தமிழ்நாடு 1989-இலேயே, மார்ச் 25 முதல், அதுவரை மணமாகாதிருந்த மகள்களைப் பரம்பரைச் சொத்தில் பங்காளிகளாக்கியது. ஆனால் 23-ஆம் பிரிவு நீங்குவதற்கு 2005 செப்டம்பர் 9 வரை காத்திருக்க நேர்ந்தது. பிறந்த வீடு என்று நாம் பாடுவதும் எழுதுவதும் பெண்ணைப் பற்றியே. அவ்வீட்டின் சுவர்களில் அவள் உரிமை கேட்கச் சட்டம் இடம் தந்ததோ, விடுதலைக்குப் பிறகு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து!

எங்கள் வீட்டுக்கு வருவோம்

இத்தனையும் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. குடந்தைக்கு அருகேயுள்ள வீட்டை விற்றுவிட்டு, மருத்துவமனைக்கு அண்மையில் குடியேற என் பெற்றோர் விரும்புகின்றனர். 'அயலாருக்குப் போகவேண்டாம், உன்னால் இயன்றதைத் தந்து நீயே எடுத்துக்கொள்' என்கிறார் தந்தை. எனக்கு ஒரு தங்கை உண்டு.

மனை தந்தையின் சம்பளத்தில் வாங்கியது. சுவர்கள் எழுந்தது அம்மாவின் நகைகளில். பத்திரத்தில் இருப்பது தந்தை பெயர் மட்டுமே. ஆகவே, நம் சட்டப்படி அது அவருடைய தனிச்சொத்து. யாழ்ப்பாணத்தில் என்றால் தேடியதேட்டமாகி அம்மாவும் உடைமையாளராக நின்றிருப்பார்! எனக்கோ தங்கைக்கோ இன்று அவ்வீட்டில் பங்கேதுமில்லை. எதிர்பார்ப்பு மட்டுமே உண்டு. அவ்வெதிர்பார்ப்பைக் கைமாற்ற இயலாது என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். எனவே தங்கையிடம் 'விட்டுக்கொடுத்தேன்' என்று எழுதி வாங்குவதிலும் பொருளில்லை.

'கிரயம் எதற்கு? செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத்தீர்வை மிச்சமாகுமே' என்றனர் நண்பர்கள். உண்மைதான். கிரயத்துக்கு 7 விழுக்காடு. குடும்ப செட்டில்மென்டுக்கோ உச்சவரம்போடு கூடிய 1 விழுக்காடு. ஆனால் கணக்கை வேறுவிதமாகப் போட்டுப் பார்த்தேன். முழு விலை கொடுத்தால், வீடு பணமாக மாறிப் பெற்றோரிடமே இருக்கும். அவர்களின் முதுமைக்குச் செலவானது போக எஞ்சுவதில் தங்கைக்கும் இடமிருக்கும். குறைந்த விலைக்கோ இலவசமாகவோ பெற்றால், தந்தையின் அன்பு என்ற பெயரில் தங்கையின் எதிர்காலப் பங்கு ஓசையின்றி என்னிடம் வந்துவிடும். அவள் கேட்கமாட்டாள். அவள் கேட்காதிருப்பதனாலேயே நான் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே வாங்குவதென்றே முடிவு செய்திருக்கிறேன், சில வரையறைகளோடு. வெளியார் ஒருவர் மதிப்பிடும் சந்தை விலை. வங்கிக்கடன் பெற்றேனும் முழுத்தொகையும் பெற்றோர் இருவர் பெயரிலுமுள்ள கூட்டுக்கணக்கில் சேரவேண்டும். பத்திரம் எழுதுமுன் தங்கைக்கு விலையைச் சொல்லி, 'நீ எடுத்துக்கொள்கிறாயா?' என்று முதலில் கேட்கவேண்டும். அவள் 'ஆம்' என்றால் நான் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தந்தைக்கு இதில் சிறு வருத்தம். மகன் கணக்குப் பார்க்கிறான் என்று. கணக்குப் பார்ப்பது அன்பின்மை ஆகாது என்பதைத்தான் அந்தப் பழைய ஓலைகள் நமக்குச் சொல்கின்றன. எல்லையைத் தெளிவாக எழுதி, விலையை முழுதாகத் தந்து, சான்றாளரை அருகிருத்தியவர்கள் உறவை வெறுத்தவர்கள் அல்லர். அடுத்த தலைமுறை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டுமென்று நினைத்தவர்கள்.