பெயரில்லாத பிரபு

ஒல்லாந்து ஓவியர் றெம்பிராண்ட் 1637 இல் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தாலே தீட்டிய ஓவியமொன்று 'போலந்துப் பிரபு' என வழங்குகிறது. அதன் அச்சுப்படத்தை வகுப்பிலே காட்டினேன். "இவருடைய பெயர் என்ன, சேர்?" என்றான் ஒரு மாணவன். விடையின்றி நின்றேன்.

பிறகு தேடினேன். உயர்ந்த உரோமத் தொப்பி, தோளிலே உரோமப் போர்வை, பொற்சங்கிலி, காதிலே முத்து, கையிலே கோல். இவற்றைக் கண்ட பிற்காலத்தார் இட்ட பெயரே அது. போலந்து மன்னன் சோபியெஸ்கி என்று கொண்டோரும் உளர். அவன் பிறந்ததோ 1629 இல். ஓவியம் தீட்டப்பட்டபோது எட்டு வயதுப் பாலகன்!

அக்கால ஒல்லாந்திலே 'துரோனி' என்றொரு வகை ஓவியம் இருந்தது. அமர்ந்தவர் யாரென்பது அதிலே முக்கியமன்று. முகபாவமும் புதுமையான உடையுமே பொருள். இதுவும் அவ்வகையினதாகலாம்.

உருசியப் பேரரசி இரண்டாம் கத்தரீனின் சேகரிப்பிலிருந்த இதனைச் சோவியத் அரசு 1931 இல் அமெரிக்கச் செல்வர் அன்ட்ரூ மெலனுக்கு விற்றது. இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. படத்தை வைத்திருந்தோரின் பெயர்களைச் சரித்திரம் காத்தது. படத்திலிருப்பவனின் பெயரைக் காக்கவில்லை.

பாட்டின் தொடராலே 'செம்புலப் பெயனீரார்' எனப் புலவருக்குப் பெயரிட்ட மரபினர் நாம். இவனுக்கோ உடையே பெயரானது. ஆனால், சுருங்கிய நெற்றியையும் களைத்த கண்களையும் பாருங்கள். பட்டத்தையும் பொன்னையும் மறக்கச் செய்யும் மனித முகம் அது.

மறுநாள் அம்மாணவனிடம் சொன்னேன்: "பெயர் தெரியாது தம்பி. நான் பிரபு என்றதும் பிறர் சொன்னதே. நீ முகத்தைப் பார்."