அடைத்த கதவும் திறந்த கதவும்

அருட்பணியாளரை நாடி வரும் செய்திகளுக்கு இன்று இரவும் இல்லை, பகலும் இல்லை. கணினிகளிடையே மின்னஞ்சல் அனுப்பும் முறை 1971-இல் தோன்றியது; 1978-இலேயே, கேளாத சில நூறு பேருக்கு ஒரே விளம்பர மடல் அவ்வழியே சென்றுவிட்டது. கருவி புதியது, சிக்கலோ பழையது. வருவோர் அனைவரையும் ஏற்பதுதான் அன்பா? மறுப்பது அன்பின்மையா? நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் எகிப்தின் பாலைநிலத் துறவியர் இவ்வினாவை எதிர்கொண்டனர்.

பொந்து நாட்டுத் துறவி ஒருவரைப்பற்றி யோவான் காசியன் எழுதியுள்ளார். பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் பெற்றோரும் நண்பரும் விடுத்த கடிதக் கட்டு அவரை வந்தடைந்தது. படித்தால் எத்தனை நினைவுகள் எழுந்து, எத்தனை நாள் தம் மனத்தை அலைக்கழிக்கும் என எண்ணிப் பார்த்த அவர், கட்டைப் பிரிக்காமலே நெருப்பிலிட்டார்.

அரசவையை விட்டுத் துறவு பூண்ட அர்சேனியுவும் இத்தகையவரே. அலெக்சாந்திரியப் பேராயர் தெயோப்பிலு (385-412), தாம் வந்தால் கதவு திறக்கப்படுமா என முன்னதாக ஆளனுப்பிக் கேட்டார். உமக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்கவேண்டும். பின்பு நான் இங்குத் தங்க இயலாது என்பதே மறுமொழி. பேராயர் அதை அவமதிப்பாகக் கொள்ளவில்லை. தம் வருகை அவரை விரட்டிவிடுமாயின் இனிப் போவதில்லை என்று அமைந்தார்.

ஆயினும் இத்தகைய மறுப்பு பிறரைப் புண்படுத்தியதும் உண்டு. உரோமையிலிருந்து கடல் கடந்து வந்த சீமாட்டி ஒருவர் தம்மை நினைவுகூருமாறு வேண்டியபோது, உம் நினைவை என் உள்ளத்திலிருந்து அகற்றும்படியே மன்றாடுவேன் என்றார் அர்சேனியு. மனமுடைந்து நோயுற்ற அவரை, முதியவர் உம் ஆன்மாவுக்காக என்றும் மன்றாடுவார் எனப் பேராயரே தேற்ற வேண்டியதாயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு சகோதரர் அர்சேனியுவைக் காணச் சென்றார். அவர் வாய் திறக்கவில்லை. பின்பு முன்னாள் கள்வரான மோசேயிடம் சென்றார். அவர் மகிழ்ந்து வரவேற்று உபசரித்தார். இதைக் கேள்வியுற்ற முதியவர் ஒருவர், உம் நாமத்தினிமித்தம் ஒருவர் மனிதரை விட்டு ஓடுகிறார், மற்றவர் அதே நாமத்தினிமித்தம் அவர்களைத் தழுவுகிறாரே என இறைவனிடம் முறையிட்டார். அவருக்கு இரு படகுகள் காட்டப்பட்டன. ஒன்றில் அர்சேனியு தூய ஆவியோடு அமைதியில் அமர்ந்திருந்தார். மற்றதில் மோசே தேவதூதரோடு தேனப்பம் உண்டுகொண்டிருந்தார்.

இவை துறவியருக்கே உரியவை, நமக்கல்ல எனத் தள்ளிவிட இயலாது. கடிதம் எழுதுவதிலேயே நாளெல்லாம் கழிகிறது, மன்றாட்டு வேளைகளுக்கு நேரம் கிடைப்பது அரிது என 1516-இல் லூத்தரும் தம் நண்பருக்கு எழுதினார்.

முதியவர் கண்ட காட்சி ஒரே அளவுகோலை நமக்குத் தரவில்லை. ஆனால் இருவருக்கும் பொதுவான காரணம் ஒன்றைக் காட்டுகிறது: உம் நாமத்தினிமித்தம். எரிச்சலால் அடைக்கும் கதவும், புகழாசையால் திறந்தே கிடக்கும் கதவும் அக்காரணத்துக்குப் புறம்பானவை. யாவரும் தம்மைத் தேடுவதாகச் சீடர் கூறியபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்ற நம் ஆண்டவர், தாம் வந்த நோக்கத்தைக் கொண்டே அதைத் தீர்மானித்தார் (மாற்கு 1:35-38). ஆகவே, மன்றாட்டுக்கும் மறைநூல் ஆய்வுக்கும் உரிய வேளையில் அஞ்சலையும் தொலைபேசியையும் விலக்கி வைப்போம். அவ்வேளை எதுவெனச் சபையாருக்கு முன்கூட்டியே கனிவுடன் அறிவிப்போம். மரணப்படுக்கையிலிருந்து வரும் அழைப்புக்கு ஒரு வழியைத் திறந்து வைப்போம். மறுக்கப்பட்டோர் மனமுடைந்து போகாதபடி தேற்றுவதும் நம் ஊழியமே.